நோவு தணிந்தால் குணமாயிற்றா?

மாலை நான்கு மணியானதும் திருகோணமலையின் மைதானங்களும் கடற்கரை வெளிகளும் உயிர்பெற்றுவிடுகின்றன. ஏகாம்பரம் மைதானத்திலே உதைபந்து உருள்கின்றது. உப்புவெளி மணலிலே கரப்பந்துக்கு வலை கட்டப்படுகின்றது. பாடசாலை முற்றங்களிலே பெண்பிள்ளைகள் வலைப்பந்து பயில்கின்றனர். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆயினும் மைதானத்தின் ஓரத்தையும் சற்றே நோக்குதல் வேண்டும். கணுக்காலிலே துணிச்சுற்றுடன், விளையாடுவோரின் செருப்புகளுக்குக் காவலாக நிற்கும் பிள்ளை ஒன்று அங்கே அனேகமாக இருக்கும். அப்பிள்ளையைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகின்றோம்.

விளையாட்டிலே காயம் படுவது இயல்பு. ஆனால் ஒரே காயம் மீண்டும் மீண்டும் படுவது இயல்பன்று. எமக்குத் தெரிந்த மாணவன் ஒருவன் உதைபந்தாட்டத்திலே கணுக்கால் சுளுக்கி வீழ்ந்தான். அன்றிரவே வீட்டார் எண்ணெய் பூசி அழுத்தித் தேய்த்தனர். ஒரு வாரத்திலே நோவு தணிந்தது. நோவு தணிந்ததே குணமானதற்கு அடையாளம் என்று யாவரும் எண்ணினர். அவனும் மைதானத்துக்கு ஓடினான். அதே கால் மீண்டும் மடிந்தது. தவணை முடிவதற்குள் இது மூன்று முறை நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு அவன் அணியிலே இல்லை.

நோவு தணிதல் வேறு, குணமாதல் வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பெற்றாரும் ஆசிரியரும் மனத்திற் பதித்துக்கொண்டால், எத்தனையோ பிள்ளைகளின் விளையாட்டு வாழ்வு காப்பாற்றப்படும். இடையிலுள்ள தூரத்தைக் கடக்க உதவும் கலைதான் இயன்மருத்துவம்.

பனித்தளத்திலே கற்ற பாடம்

எமது மாவட்டத்திலிருந்து கனடாவிற் குடியேறிய குடும்பங்கள் பல. ரொறன்ரோ நகரிலே வளரும் பேரப்பிள்ளை ஐஸ் ஹொக்கி விளையாடும் படத்தைத் தொலைபேசியிலே கண்டு வியக்கும் பாட்டன், பாட்டிமாரும் இங்கு உளர். காலிலே உருக்கு அலகு பொருத்திய சப்பாத்து. கையிலே வளைந்த தடி. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட இறப்பர் வட்டு. அணிக்கு அறுவராக, பனிக்கட்டித் தளத்தின்மேல் வழுக்கிக்கொண்டே ஆடும் அதிவேக விளையாட்டு அது.

பனித்தளத்தில் ஓடுவோர் நேராக அடிவைப்பதில்லை. காலைப் பக்கவாட்டிலே உதைத்து உதைத்தே முன்செல்வர். அவ்வாறு வெளியே வீசப்படும் காலைப் பிடித்து நிறுத்தி உள்ளே இழுப்பது உள்தொடைத் தசை. அது தளர்ந்திருந்தால் தொடையிடுக்கிலே தசை பிசகிவிடும். இவ்விளையாட்டிலே இது மிகச் சாதாரணமான காயம்.

அமெரிக்க இயன்மருத்துவரான திமொதி டைலரும் அவருடைய குழுவினரும் தொழில்முறை ஐஸ் ஹொக்கி வீரர்களின் இடுப்புத் தசைகளை அளந்து பார்த்தனர். 2001ஆம் ஆண்டிலே வெளியான அவர்களுடைய ஆய்வு ஓர் அரிய உண்மையைக் காட்டிற்று. காலை உள்ளே இழுக்கும் தசையின் வலிமை, வெளியே தள்ளும் தசையின் வலிமையில் 80 வீதத்துக்குக் குறைந்திருந்தால், அந்த வீரருக்குத் தசை பிசகும் வாய்ப்பு 17 மடங்கு அதிகம். காயத்துக்குக் காரணம் விதியுமன்று, கண்ணூறுமன்று. முன்கூட்டியே அளந்தறியக்கூடிய பலவீனம்.

அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. பலவீனம் காணப்பட்ட வீரர்களுக்கு, போட்டிகள் தொடங்குமுன் உள்தொடையை வலுப்படுத்தும் பயிற்சிகளைக் கொடுத்தனர். முன்னைய இரு பருவங்களிலே அந்த அணியில் 11 தசைப் பிசகுகள் நேர்ந்திருந்தன. பயிற்சிக்குப் பின்வந்த இரு பருவங்களிலே மூன்று மட்டுமே நேர்ந்தன.

பனியே காணாத திருகோணமலைக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். பந்தை உட்பாதத்தால் உதைப்பதற்கும், ஓடும்போது சட்டெனத் திரும்புவதற்கும் உதவுவது அதே உள்தொடைத் தசைதான். நோர்வே நாட்டின் உதைபந்தாட்ட அணிகளிடையே நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றிலே, ஒரேயொரு உள்தொடைப் பயிற்சியால் தொடையிடுக்கு உபாதைகள் 41 வீதம் குறைந்தன.

அப்பயிற்சிக்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு தோழன் போதும். பிள்ளை ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். தோழன் அதன் மேற்காலைத் தன் இடுப்பளவில் தாங்கிப் பிடிக்க, பிள்ளை இடுப்பை உயர்த்திக் கீழ்க்காலை மேற்காலுடன் சேர்த்து, பின் மெதுவாக இறக்க வேண்டும். தொடக்கத்தில் இது கடினமானால், இரு முழங்கால்களுக்கிடையே பந்தை வைத்துச் சில நொடிகள் அழுத்திப் பழகினாற் போதும்.

முதல் மூன்று நாள்

கணுக்கால் சுளுக்கியவுடன் செய்யத் தகாதது எது? அழுத்தித் தேய்ப்பதுதான். எலும்பையும் எலும்பையும் கட்டி நிற்கும் நார்கள் கிழிந்து, உள்ளே இரத்தம் கசிந்து வீங்கும் வேளையிலே தேய்த்தால் கசிவு கூடும். சூட்டொத்தடமும் அப்படியே. முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு இவ்விரண்டையும் தவிர்த்தல் நலம்.

காலை உயர்த்தி வைத்து, இழுபடும் துணிச்சுற்றால் அளவாகக் கட்டி, பாரத்தைக் குறைப்பதே முதலுதவி. மீன்பெட்டிக்கு ஐஸ் கிடைக்கும் ஊர் எமது ஊர். அதிலே ஒரு துண்டைத் துணியிற் சுற்றிப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் வைத்தால் நோவு மரக்கும். தோலிலே நேரே வைத்தல் ஆகாது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்னும் நான்கையும் 1978இல் ஒரு சூத்திரமாக வகுத்தவர் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின். அவரே 2014இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆதலால் ஐஸ் நோவைத் தணிப்பதற்கே, குணமாக்குவதற்கன்று. நீண்ட படுக்கையும் வேண்டியதில்லை.

எலும்பு முறிந்ததா, நார் மட்டும் கிழிந்ததா என்பதை எப்படி அறிவது? இதற்கும் கனடா நாடே வழிகாட்டிற்று. ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட விதிகள் இன்று பல நாடுகளிலே கைக்கொள்ளப்படுகின்றன. அடிபட்டவுடனும் பின்பும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்-ரே எடுத்தல் வேண்டும். கணுக்காலின் இருபுறமுமுள்ள எலும்புக் குமிழ்களின் பின்விளிம்பிலோ நுனியிலோ, அல்லது பாதத்தின் வெளியோர நடு எலும்பிலோ, உட்பக்கத்து மேடான எலும்பிலோ தொட்டால் நோகுமாயினும் எக்ஸ்-ரே வேண்டும். முறிவு நெரிவு வைத்தியம் பார்க்கும் பரம்பரை எமது மண்ணில் உண்டு. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த அடையாளங்களுள் ஒன்று இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குச் சென்று படம் பிடித்துப் பார்த்தபின் மற்றவற்றை எண்ணுதலே அறிவுடைமை.

திரும்பி வரும் படிகள்

வீக்கம் வற்றத் தொடங்கியதும் இயன்மருத்துவம் தொடங்குகின்றது. முதற்படி அசைவு. பெருவிரலைப் பேனாவாக எண்ணி, காற்றிலே எழுத்துகளை எழுதிப் பார்க்கலாம். இரண்டாம் படி வலிமை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். முதலில் இரு காலாலும், பின்னர் ஒரு காலாலும். மூன்றாம் படி நிலைபேறு. சுளுக்கிய கணுக்கால், தான் எந்தக் கோணத்தில் நிற்கின்றது என்ற உணர்வை ஓரளவு இழந்துவிடுகின்றது. மீண்டும் மீண்டும் மடிவதற்கு இதுவும் ஒரு காரணம். பல் துலக்கும் நேரத்திலே ஒற்றைக் காலில் நின்று பழகினால் அவ்வுணர்வு மீளும். பழகியபின் கண்ணை மூடியும் நிற்கலாம். நான்காம் படி நேராக ஓடுதல், பின் வளைந்து ஓடுதல், பின் குதித்தல்.

மைதானத்துக்குத் திரும்பும் நாளை நாட்காட்டி சொல்லாது. மற்றக் காலே சொல்லும். நல்ல காலால் எத்தனை முறை குதிகால் உயர்த்த முடிகின்றதோ, எவ்வளவு தூரம் நொண்டிக் குதிக்க முடிகின்றதோ, ஏறக்குறைய அவ்வளவும் அடிபட்ட காலாலும் நோவின்றி முடியவேண்டும். அதுவரை அப்பிள்ளை அணியிலே சேரலாகாது. எத்துணை பெரிய போட்டியாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை.

பின்தொடைத் தசை பிசகுவோரும் பலர். அதனைத் தடுக்க எளிய வழி உண்டு. முழங்காலிட்டு நிற்கும் பிள்ளையின் கணுக்கால்களைத் தோழன் அழுத்திப் பிடிக்க, பிள்ளை உடலை நேராக வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து கையூன்ற வேண்டும். இப்பயிற்சியைக் கைக்கொண்ட அணிகளிலே பின்தொடைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தமை ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது.

தலையிலே அடிபட்டால்

காலுக்குக் காட்டும் பொறுமையிலும் அதிக பொறுமை தலைக்கு வேண்டும். விளையாட்டிலே நேரும் மூளை அதிர்ச்சியைப் பற்றி ஆராய 2001இல் வியன்னா நகரிலே முதலாவது சர்வதேச மாநாடு கூடியது. அதனைக் கூட்டுவித்தோருள் சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனமும் ஒன்று. உடலோடு உடல் மோதும் ஆட்டத்தைப் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கனடாவின் ஹொக்கிச் சங்கம் 2013இல் தடைசெய்தது.

தலையால் பந்தை அடிக்க எழும் இரு பிள்ளைகள் மோதிக்கொள்வதை நாமும் காண்கின்றோம். மயங்கி விழுந்தாற்றான் மூளை அதிர்ச்சி என்பது தவறான எண்ணம். தலையிடி, தலைச்சுற்று, தடுமாற்றம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டல் ஆகியனவும் அதன் குறிகளே. ஐயம் எழுந்தாலே போதும். அன்று அப்பிள்ளை மீண்டும் ஆடலாகாது. தலையிடி வரவரக் கூடினாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், உறக்கம் மேலிட்டு எழுப்ப இயலாவிட்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

பெற்றாருக்கும் ஆசிரியருக்கும்

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் நார் அறுந்துபோதல் ஆண்களிலும் பெண்களுக்கே அதிகம் நேர்கின்றது. மகளுக்கு ஒருமுறை அடிபட்டதும் விளையாட்டையே நிறுத்திவிடும் வீடுகள் எம்மிடையே உண்டு. அது தீர்வன்று. நோர்வேயிலே 13 முதல் 17 வயது வரையான உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகளுக்கு இருபது நிமிடத் தயார்ப் பயிற்சி ஒன்று கற்பிக்கப்பட்டது. ஓட்டம், வலிமை, சமநிலை, முழங்காலை மடித்து மெதுவாகத் தரையிறங்கல் ஆகியனவே அதில் அடங்கியவை. காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008இல் அறிவிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் ‘பீபா 11+’ என வழங்குவது அப்பயிற்சியே.

சோளகக் காற்று வீசும் மாதங்களிலே எமது மைதானங்கள் கல்லாக இறுகுகின்றன. மாரியிலே சேறாகி வழுக்குகின்றன. தரையை நாம் மாற்ற இயலாது. அதன்மேல் ஓடும் கால்களை ஆயத்தப்படுத்த இயலும். பந்தை எடுத்துக் கொடுக்குமுன் இருபது நிமிடத்தை ஆசிரியர் ஒதுக்கட்டும். அடிபட்ட பிள்ளையை, “இப்போது நோகின்றதா?” என்று மட்டும் கேளாமல், “ஒற்றைக் காலிலே நிற்க முடிகின்றதா?” என்றும் பெற்றார் கேட்கட்டும். இதற்குப் பணச் செலவில்லை, பொறுமையொன்றே செலவு.