உள்கியர் ஹப் மிதிவண்டிக்குப் பற்சக்கரம் தேர்ந்தெடுத்தல்

உள்கியர் ஹப் என்பது மிதிவண்டியின் பின்சக்கர மையத்திலுள்ள ஹப்புக்குள் எல்லாக் கியர்களையும் அடக்கிய அமைப்பாகும். கியர்கள் மூடிய உறைக்குள் இருப்பதால் மழையும் தூசியும் அவற்றை எளிதில் அணுகுவதில்லை. வண்டி நின்றிருக்கும்போதும் கியரை மாற்றலாம். இக்காரணங்களால் நாள்தோறும் வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோருக்கு இது ஏற்றதாக உள்ளது.

இத்தகைய வண்டியின் பயன் ஹப்பை மட்டும் பொறுத்ததன்று. சங்கிலி இணைக்கும் முன், பின் பற்சக்கரங்களின் பற்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. அவை பொருந்தாவிட்டால் சில கியர்கள் பயன்படாமலே போகும். மேட்டில் முழங்காலுக்குச் சுமை கூடும்.

ஹப் செயல்படும் முறை

ஹப்பின் உள்ளே கோள் கியர் அமைப்பு உள்ளது. நடுவில் அச்சோடு பொருத்தப்பட்ட சூரியச் சக்கரமும், அதைச் சுற்றிவரும் கோள் சக்கரங்களும், வெளியே உட்பற்கள் கொண்ட வளையமும் இருக்கும்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தோன்றிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் அறிமுகப்படுத்திய ஏ.டபிள்யூ. எனும் மூன்று கியர் ஹப் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. இதில் சூரியச் சக்கரத்துக்கு 20 பற்கள், வளையத்துக்கு 60 பற்கள். முதல் கியரில் ஹப்பின் வேகம் 60 ÷ (60 + 20), அதாவது முக்கால் மடங்காகிறது. மூன்றாம் கியரில் இதே விகிதம் தலைகீழாகி 1.33 மடங்காகிறது. இரண்டாம் கியர் நேரடி கியர். பின் பற்சக்கரம் சுற்றும் வேகத்திலேயே ஹப்பும் சுற்றும்.

ஷிமானோ நெக்சஸ் எட்டு கியர் ஹப்பின் விகிதங்கள் முறையே 0.527, 0.644, 0.748, 0.851, 1.000, 1.223, 1.419, 1.615 ஆகும். இதில் ஐந்தாவது நேரடி கியர்.

கியர்களுக்கு இடையிலான இந்த விகிதங்களை வண்டிக்காரர் மாற்ற முடியாது. பற்சக்கரங்களை மாற்றினால் எல்லாக் கியர்களும் ஒன்றாகக் கனமாகும் அல்லது இலகுவாகும். ஓர் ஏணியின் படிகளுக்கு இடையிலான தூரத்தை மாற்றாமல், ஏணியை மட்டும் மேலேற்றுவது அல்லது கீழிறக்குவது போன்றது இது.

கணக்கிடும் முறை

மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி செல்லும் தூரம்:

(முன் பற்கள் ÷ பின் பற்கள்) × ஹப் விகிதம் × சக்கரத்தின் சுற்றளவு

பெரும்பாலானோருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று வரை மிதிப்பது இயல்பாக இருக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று எனக் கொண்டால், மேற்கண்ட தூரத்தை மீட்டரில் எழுதி 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்பது கிடைக்கும்.

ஒரு பழைய எடுத்துக்காட்டு

இங்கிலாந்தின் பழைய மூன்று கியர் வண்டிகளில் முன் 46, பின் 18 பற்கள் என்ற அமைப்பு பரவலாக இருந்தது. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவைச் சுமார் 2.07 மீட்டர் எனக் கொண்டால், 60 சுற்றில் மூன்று கியர்களின் வேகம் மணிக்கு 14.3, 19.0, 25.4 கி.மீ. ஆகும். சமதளத்தில் இரண்டாம் கியர் பலருக்குச் சற்றுக் கனமானது. மூன்றாவது கியர் சரிவிலும் பின்காற்றிலும் மட்டுமே உதவும். மேட்டுக்கு ஒரே ஒரு கியர்தான் மிஞ்சும். அதுவும் போதுமான அளவு இலகுவாக இருக்காது.

பின்னால் 22 பற்கள் உள்ள சக்கரத்தைப் பொருத்தினால் வேகங்கள் 11.7, 15.6, 20.8 கி.மீ. ஆகின்றன. இப்போது மூன்று கியர்களும் அன்றாடப் பயணத்தில் பயன்படும். சரிவில் மிதிக்காமலே வண்டி ஓடும் என்பதால் அதிவேகக் கியரை இழப்பது பெரிய குறையன்று. இலகுவான கியர் இல்லாவிட்டாலோ இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

மேட்டைக் கொண்டு சோதித்தல்

வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ, மேடு 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயர்வது எனக் கொள்ளலாம். 100 வாட் அளவில் நிதானமாக மிதிப்பவர் அதில் மணிக்குச் சுமார் 6.5 கி.மீ. வேகத்தில் ஏறுவார். முதல் கியரில் அவரது மிதி நிமிடத்துக்குச் சுற்றும் அளவு:

46/18, மூன்று கியர் ஹப்: 27 சுற்று
46/22, மூன்று கியர் ஹப்: 33 சுற்று
38/19, எட்டு கியர் ஹப்: 47 சுற்று
38/21, எட்டு கியர் ஹப்: 52 சுற்று

(எட்டு கியர் வண்டிக்குச் சக்கரச் சுற்றளவு 2.19 மீட்டர்.) 27 சுற்று என்பது ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று அழுத்தும் நிலை. பாதையில் இத்தகைய மேடு நீளமாக இருந்தால் மூன்று கியர் ஹப்புக்குப் பற்சக்கர மாற்றம் மட்டும் போதாது. விரிந்த வீச்சுள்ள ஹப் தேவை. சமதளப் பாதைக்கு மூன்று கியரே போதுமானது.

தேர்ந்தெடுக்கும் வரிசை

1. வழக்கமான பாதையில், சமதளத்தில், மூச்சு வாங்காமல் செல்லும் வேகத்தை அறிய வேண்டும்.
2. அந்த வேகம் நேரடி கியரிலோ அதற்கு ஒரு படி கீழேயோ அமையுமாறு பற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரடி கியரில் உராய்வு இழப்பு குறைவு. நெக்சஸ் எட்டு கியரில் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே 22 விழுக்காடு தாவல் உள்ளது. வழக்கமான வேகம் அந்த இடைவெளியில் விழுந்தால் ஒரு கியர் இலகுவாகவும் அடுத்தது கனமாகவும் தோன்றும்.
3. பாதையின் மிகக் கடினமான மேட்டை, சுமையோடும் எதிர்க்காற்றோடும், முதல் கியரில் ஏற முடியுமா எனப் பார்க்க வேண்டும்.
4. முன் பற்களைப் பின் பற்களால் வகுத்துவரும் எண், ஹப் தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது. அந்த எண் குறையும்போது ஹப்புக்குள் செல்லும் முறுக்குவிசை கூடி, உள்ளே உள்ள பற்கள் சேதமடையலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான உள்கியர் ஹப்புகளில் பின் பற்சக்கரத்தை ஒரு கம்பி வளையமே பிடித்திருக்கும். அதை நெம்பி எடுத்தால் பற்சக்கரம் கழன்றுவிடும். ஆகவே முன் பற்சக்கரத்தை மாற்றுவதைவிடப் பின்னதை மாற்றுவது பொதுவாக எளிது, செலவும் குறைவு.

பின்னால் ஒரு பல் கூடினால் அச்சு சுமார் 3 மி.மீ. முன்னே நகர வேண்டும். நான்கு பற்கள் கூடினால் சங்கிலியில் ஓர் அங்குலம், அதாவது ஒரு சோடிக் கண்ணிகள், சேர்த்தால் அச்சு பழைய இடத்திலேயே நிற்கும். அச்சு நகர்ந்தால் பிரேக்கையும் கியர்க் கம்பியையும் மீண்டும் சரிசெய்வது அவசியம்.