தொடர்பு அறுந்த காய்: கை தெபோரின் போர் விளையாட்டு

சதுரங்கத்தில் ராணி தன் அரசனைவிட்டு எத்தனை கட்டம் தள்ளிப் போனாலும் ராணிதான். அதன் நகரும் உரிமையைத் தூரம் பறித்துவிடுவதில்லை. கை தெபோர் உருவாக்கிய போர் விளையாட்டு இந்த இடத்தில்தான் சதுரங்கத்தோடு முறித்துக்கொள்கிறது. 'காட்சிச் சமூகம்' (1967) எழுதிய அதே தெபோர்தான். 1965இல் இதற்குக் காப்புரிமை பதிவு செய்தார். 1977இல் ழெரார் லெபோவிசியோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். 1987இல், மனைவி அலிஸ் பெக்கர்-ஹோவுடன் ஆடிய ஓர் ஆட்டத்தின் நகர்த்தல்களை வரைபடங்களோடு புத்தகமாகவே போட்டார். இதைக் 'கலகக்காரரின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடலாம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பலகையில் 500 கட்டங்கள் (25க்கு 20). ஆளுக்குப் பதினேழு காய்கள்: காலாட்படை 9, குதிரைப்படை 4, பீரங்கி 2, ஆயுதமில்லாத செய்தித்தொடர்புக் காய்கள் 2. ஒரு முறைக்கு அதிகபட்சம் ஐந்து காய்களை நகர்த்தலாம், ஒரே ஒரு தாக்குதல் தொடுக்கலாம். தாயக்கட்டை கிடையாது, எல்லாமே கூட்டல் கழித்தல். காலாட்படைக் காயின் தாக்கும் வலு 4, தற்காப்பு 6. ஒண்டியாக நிற்கும் காலாளை இரண்டு காலாட்கள் நேர்க்கோட்டில், எட்டும் தூரத்தில் வந்து அடித்தால் 8க்கு 6. வித்தியாசம் இரண்டு, ஆள் காலி. ஒன்று மட்டுமே கூடுதல் என்றால் பின்வாங்கினால் போதும். அதே காலாளுக்குத் துணையாக இன்னொன்று சரியான கோட்டில் நின்றால் தற்காப்பு 12. இப்போது மூன்று பேர் வந்து அடித்தாலும் ஒண்ணும் நடக்காது. ஆக, வலு என்பது காயின் உள்ளே இருக்கும் சரக்கு அல்ல. காய்களுக்கு இடையிலான உறவு. மொழியைச் சதுரங்கத்தோடு ஒப்பிட்ட சசூருக்கு இந்தப் பலகை இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கும்பலாக நிறுத்திவிட வேண்டியதுதானே? இங்கேதான் வில்லங்கம். ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு ஆயுதக் கிடங்குகள். அவற்றிலிருந்து நேராகவும் குறுக்காகவும் மூலைவாட்டிலும் தொடர்புக் கோடுகள் கிளம்புகின்றன. செய்தித்தொடர்புக் காய் அவற்றை வாங்கி வேறு திசைகளில் அனுப்புகிறது. கோட்டின் மேலோ, கோட்டோடு ஒட்டிய சகாவின் பக்கத்திலோ இருக்கும் காய்தான் உயிருள்ள காய். மற்றது நகராது, தாக்காது. மலை கோட்டை மறிக்கும். எதிரியின் காயும் மறிக்கும். முன்னேற முன்னேறக் கோடு நீள்கிறது. பத்துக் கட்டம் பின்னால், யாரும் கவனிக்காத மூலைவாட்டுக் கோட்டில், எதிரியின் ஒற்றைக் குதிரை வந்து நின்றால் போதும். முன்னணியில் ஒரு காய்கூடச் சாகவில்லை, ஆனால் முன்னணியே செத்துப்போகிறது. தலைமறைவு இயக்கங்களில் இருந்தவர்களுக்குத் 'தொடர்பு விட்டுப்போச்சு' என்ற சொல்லின் கனம் தெரிந்திருக்கும்.

ஆகவே அடிக்க ஆள் குவிய வேண்டும், கோட்டைக் காக்க ஆள் பரவ வேண்டும். இந்த முரணை ஆட்டம் கடைசிவரை தீர்ப்பதேயில்லை. அதன் அழகும் அதுதான்.

ஆனால் ஒரு சந்தேகம். கோடு எப்போதும் கிடங்கிலிருந்து, அதாவது மையத்திலிருந்துதான் வருகிறது. விளிம்பில் நிற்பவர்கள் தமக்குள் பேசிக்கொண்டு பிழைக்க இதில் வழியில்லை. கெரில்லாவுக்கு இடமே இல்லாத பலகை இது. கிளாஸ்விட்ஸ் வழியே பதினெட்டாம் நூற்றாண்டுப் போரைத்தான் எடுத்துக்கொண்டேன் என்கிறார் தெபோர். வானிலை, படையின் மனநிலை, எதிரி எங்கே என்ற நிச்சயமின்மை இவையெல்லாம் விடுபட்டதையும் ஒப்புக்கொள்கிறார். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த போர்ப்பயிற்சி ஆட்டத்தில்கூட நடுவர் இருந்தார், பகடை இருந்தது, எதிரியை மறைக்க வழி இருந்தது. காட்சியின் அதிகாரத்தைக் கட்டுடைத்தவர், அனைத்தையும் மேலிருந்து பார்க்கும் தளபதியின் நாற்காலியை மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் விட்டார்?

2008இல் அலெக்சாண்டர் காலோவேயின் குழு இதைக் கணினி ஆட்டமாக்கியபோது, உரிமை கோரி பெக்கர்-ஹோ தரப்பிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது. தன் கட்டுரைகளை யாரும் எடுத்துப் போடலாம் என்று அச்சிட்ட பத்திரிகையை நடத்தியவரின் ஆட்டத்துக்கு! அந்த 1987 புத்தகத்தில் பதிவான ஆட்டத்திலேயே, விதிகள் அனுமதிக்காத நகர்த்தல்கள் இருப்பதைக் கண்டு எழுதியவரும் காலோவேதான்.