செவியை மூடும் சிறுவன்

சாலையும் குடிநீரும் பள்ளிக்கூடமும் அமைத்துவிட்டால் மட்டும் கிராம வளர்ச்சி நிறைவெய்திவிடாது. கட்டிய பள்ளியில் ஊரின் எல்லாக் குழந்தைகளும் அமர்ந்து கற்கும்பொழுதுதான் அக்கட்டடம் பயனுடையதாகும். அவ்வாறு அமர இயலாமல் துன்புறும் சில குழந்தைகளைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு, சத்துணவுக் கூடத்தைப் பார்வையிடுவதற்காக ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். தாழ்வாரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள். உடனே இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறியவாறு வேலியை நோக்கி ஓடினான். “பிடிவாதக்காரன், தினமும் இப்படித்தான்” என்றனர் அங்கிருந்தோர். படிப்பை நிறுத்தி அவனை ஆடு மேய்க்க அனுப்பப் போவதாகத் தந்தை கூறினார். வளர்ப்பின் குறை என்றே நானும் எண்ணினேன். அவ்வெண்ணம் பிழையென்பதை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எனக்கு விளக்கினார்.

அச்சிறுவனுக்கு ஆட்டிசம் உண்டென்று மருத்துவர்கள் முன்னரே கண்டறிந்திருந்தனர். இது மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமையும் வேறுபாடு. வளர்ப்பினால் வருவதன்று, தெய்வ குற்றமும் அன்று. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், உரத்த ஓசைகள் அவர்களை அச்சுறுத்தியதைக் குறித்திருக்கிறார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட வகைப்பாட்டு நூல், புலனுணர்வு மிகுதலையும் குறைதலையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

நம் செவியில் எந்நேரமும் பல ஓசைகள் விழுகின்றன. முறம் பதரை நீக்கி நெல்லை நிறுத்துவதுபோல, மூளை வேண்டாதவற்றைத் தள்ளி ஆசிரியரின் குரலை நிறுத்துகிறது. இக்குழந்தைகளுள் பலருக்கு அவ்வாறு பிரிவதில்லை. மின்விசிறியின் ஓசை, தட்டுகளின் ஓசை, அடுத்த வகுப்பின் வாய்ப்பாடு ஆகிய யாவும் ஒருங்கே வந்து மோதுகின்றன. சிலருக்குச் சீருடையின் கழுத்துப்பட்டை முள்ளாய் உறுத்தும். சிலரால் தாளிப்பின் மணத்தைத் தாங்க இயலாது. வேறு சிலருக்கோ உணர்வு குறைவு: அடிபட்டாலும் வலியை அதிகம் காட்டார், ஓயாது ஆடியும் சுழன்றும் கொண்டிருப்பர். ஒரே குழந்தையிடம் இருவகையும் காணப்படுவதுண்டு. ஆகவே அலறல் பிடிவாதம் அன்று. தாங்க முடியாத துன்பத்தின் வெளிப்பாடு. அடித்தால் அது பெருகுமேயன்றித் தணியாது.

பின்னர் அப்பள்ளியில் செய்த மாறுதல்களுக்குச் செலவு ஏதும் இல்லை. மணி அடிக்குமுன் ஆசிரியர் சிறுவனிடம் சொல்லிவிடுகிறார். இரும்புக் கம்பிக்குப் பதிலாக மரக்கட்டையால் அடிக்கிறார்கள். அவன் இருக்கை தாழ்வாரத்தை விட்டு உட்சுவரோரம் மாற்றப்பட்டது. உணவு வரிசையின் நெரிசலுக்கு 10 நிமிடம் முன்னதாகவே அவனுக்குத் தட்டு தரப்படுகிறது. அன்றைய பணிகள் வரிசையாகப் படங்களில் காட்டப்படுகின்றன. மனம் கலங்கினால் அமர்ந்து ஆற, நூலக மூலையில் ஒரு பாய் விரித்திருக்கிறது.

அவன் இன்றும் அதிகம் பேசுவதில்லை. தகரக் கூரையில் மழை விழும் நாட்களில் காதைப் பொத்திக்கொள்ளவே செய்கிறான். ஆனால் வேலியை நோக்கி ஓடுவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் நிலைத்திருக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருவது பள்ளியின் கடமையென்றும் அச்சட்டம் கூறுகிறது. காதைப் பொத்தும் குழந்தைகள் அனைவருக்கும் ஆட்டிசம் உண்டென்று கொள்ளலாகாது. அதை மருத்துவரே கண்டறிதல் வேண்டும். எனினும் துன்பத்தைக் குறைப்பதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஊராட்சித் தலைவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் தத்தம் ஊரில் இத்தகைய குழந்தை பள்ளியை விட்டு நின்றிருப்பின், வட்டார வள மையத்திற்குத் தெரிவித்து அக்குழந்தையை மீண்டும் வகுப்பில் அமர்த்த முன்வருவார்களாக.