ஊர்ப்பற்றும் ஊற்றுநீரும்

ஊர்ப்பற்று என்பது ஊரில் இருக்கும்பொழுது எளிதிற் புலப்படுவதொன்றன்று. கண்ணுக்கு மிக அண்மையிலுள்ள இமையைக் கண் காண்பதில்லை. அதுபோலப் பிறந்த மண்ணின் அருமையை அம்மண்ணில் நடமாடுவோர் அறிவதில்லை. அதனை அறியச் சிறிது தூரம் வேண்டும். அத்தூரம் எமக்குக் கிடைத்த வரலாற்றையும் அதனால் யாம் அறிந்ததையும் இவ்விழா மலரில் எழுத விரும்புகின்றோம்.

கல்லூரியை விட்டு நீங்கிய புதிதில் கண்டிக்குச் சென்று சில மாதம் தங்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்தைப் பிரிவதில் எமக்குக் கவலை இருக்கவில்லை. வெயிலும் புழுதியும் பனையும் வேலியுமன்றி இங்கே யாதுளது என்று எண்ணியே புறப்பட்டோம். பேராதனைப் பாலத்தின்மீது நின்று மகாவலி கங்கையை முதன்முறை கண்டபொழுது அவ்வெண்ணம் உறுதியாயிற்று. 335 கிலோமீற்றர் நீளமுடைய அது இந்நாட்டின் மிக நீண்ட ஆறு. இரவும் பகலும் தன்போக்கில் ஓடும் அத்துணை நீரை யாம் அதற்குமுன் கண்டதில்லை.

யாம் தங்கிய வீட்டின் முற்றத்தில் மலையூற்று நீர் குழாய்வழியே வந்து ஒரு தொட்டியில் எப்பொழுதும் விழுந்துகொண்டிருக்கும். அவ்வழியே செல்லுந்தோறும் அக்குழாயைப் பூட்டிவிடுவோம். வீட்டார் மறுபடியுந் திறந்துவிடுவர். ஒருநாள் வீட்டுப் பெரியவர், "தம்பி, இது ஓடுகிற தண்ணீர். பூட்டினால் ஆருக்கு மிச்சம்?" என்று சிரித்தார். யாம் விடையின்றி நின்றோம். எமது கை தானாகவே அக்குழாயை நாடியதன் காரணம் அன்றிரவு படுக்கையிற் கிடந்து சிந்தித்தபொழுதுதான் விளங்கிற்று. பங்குக் கிணற்றில் முறைபார்த்து இறைத்து வளர்ந்த பிள்ளையின் கை அது.

எமது கிணறு நான்கு குடும்பங்களுக்குப் பொதுவானது. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் காணி உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தன. விடியற்காலையில் பாட்டனார் துலாவில் ஏறி மிதிக்க, அம்மான் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, சிறுவராகிய யாம் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவோம். வரம்பு உடைந்து ஒரு பட்டை நீர் வீணாகினும் துலாவின் மேலிருந்து அதட்டல் கேட்கும்.

இச்சிக்கனத்துக்குக் காரணம் எமது நிலத்தின் அமைப்பாகும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மீது அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழையே எமது பெருஞ்செல்வம். அம்மழைநீர் மண்ணினூடாக இறங்கிக் கல்லின் வெடிப்புக்களிலே தங்குகின்றது. அதன் கீழே கடலின் உவர்நீர் உளது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாகலின் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குச் சான்று. கீரிமலையிலே கடலின் அருகே நன்னீர் சுரப்பதும் இந்நிலத்தடி நீரின் செயலே. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் கீழுள்ள உவர் மேலெழும். ஒருவர் செய்யும் பிழையால் அயலவர் கிணறும் உவர்க்கும். ஆகவே, கிணறு ஒருவருடையதாயினும் நீர் ஊருடையது.

இதனை உணர்ந்தபின், வறண்டதென்று யாம் இகழ்ந்த ஊர் வேறாகத் தோன்றிற்று. ஆறில்லாத நிலத்தில் புகையிலையும் வெங்காயமும் விளைவித்து, பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தோர் எம் முன்னோர். விடுமுறைக்கு யாழ்தேவியில் மீண்டபொழுது ஆனையிறவின் உப்புக்காற்று முகத்திற் பட்டதும் கண் கலங்கிற்று. வீட்டை அடைந்ததும் முதலிற் குடித்தது கிணற்றுநீரே. கேத்திலில் வெண்படலம் படியச்செய்யும் சுண்ணாம்பு நீர் அது. கண்டியின் மலைநீர் அதனினும் இனிது. எனினும் அன்று இரண்டு செம்பு குடித்தோம்.

1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் யாழ்ப்பாணச் சேவை போரினால் 1990இல் நின்றது, 2014இல் மீண்டது. இடைப்பட்ட காலத்திலே எம் போன்றோர் பலர் கடல்கடந்து குடியேறினர். இன்று எங்கிருப்பினும் ஊரை நினைந்து உருகுகின்றோம். அவ்வுருக்கம் உண்மையானதே, ஆயினும் அதனாற் கிணறு நிரம்புவதில்லை. இயந்திரத்தால் மிகையாக இறைப்பதும், மிகையான உரமும், கிணற்றுக்கு அண்மையிலுள்ள மலக்குழிகளும் நிலத்தடி நீரைக் கெடுக்கின்றன. குளங்களும் கேணிகளும் தூர்ந்தால் மழைநீர் நிலத்தினுட் செல்லும் வழி குறைகின்றது.

சில ஆண்டுகளின் முன் யாம் ஊர் சென்றபொழுது பங்காளிகள் நால்வருள் ஒருவரே அங்கிருந்தார். ஆளற்ற எமது பக்கத்திலிருந்து குப்பை கிணற்றினுள் விழுந்துகிடந்தது. அந்நீரையே அவர் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். எமக்கு எழுந்த நாணத்தை எழுத்தில் அடக்கவியலாது. ஏனைய இருவருக்கும் தொலைபேசியிற் சொல்லி, நால்வரும் பங்குப்பணம் இட்டுக் கிணற்றை இறைத்துச் சேறு வாரி, கட்டையும் உயர்த்தினோம். கூரைநீர் நிலத்தில் இறங்க ஒரு குழியும் வெட்டினோம். மூன்றாம் நாள் ஊற்று தெளிந்தது.

பழைய மாணவ நண்பர்களே! உங்கள் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்கு எழுதப்பட்டிருப்பின், அக்கிணற்றடியில் இன்று யார் நீர் அள்ளுகின்றார் என்று விசாரியுங்கள். ஊர்ப்பற்று அங்கிருந்து தொடங்கலாம்.