அம்மாவின் பங்கு

இந்த முறை பாடம் சொல்ல வரவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்வியைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சிகாமட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியை நான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒருநாள் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் இளமைக் காலத்தைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2002 முதல் 2007 வரை இந்தியாவின் குடியரசுத் தலைவராக இருந்தவர். ராக்கெட் விட்ட விஞ்ஞானி. ஆனால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டது ராக்கெட் கதையை அல்ல, சப்பாத்திக் கதையைத்தான்!

கலாம் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ராமேசுவரத்தில் பிறந்தவர். தந்தை ஜைனுலாப்தீன், தாயார் ஆஷியம்மா. பெரிய கூட்டுக் குடும்பம். வீட்டில் எந்நேரமும் மூன்று தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்குமாம். 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. சாமான்களுக்குப் பங்கீடு வந்தது. அதே போர் இங்கே வந்தபோது நம் பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள் அல்லவா? அங்கேயும் அடுப்படியில் அதே கணக்குதான்.

அந்தச் சிறு வயதிலேயே கலாம் விடியுமுன் எழுவார். கணக்கு வாத்தியார் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் குளித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பது அவருடைய சட்டம். ஆகவே தாயார் அவருக்கும் முன்னே எழுந்து, மகனைக் குளிப்பாட்டி அனுப்புவார். பிறகு பத்திரிகை வேலை. போர்க்காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்கவில்லை. ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளை எடுத்து வந்து வீடு வீடாகப் போடுவார்.

ஓர் இரவு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். தாயார் சப்பாத்தி சுட்டுப் போடப் போட, கலாம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் அண்ணன் அவரைத் தனியே அழைத்தார். அம்மாவுக்கு என்று ஒன்றுகூட மிச்சமில்லை, உனக்குப் போதாதே என்று தன் பங்கையும் உனக்கே போட்டுவிட்டார் என்றார். பையனுக்கு உடம்பெல்லாம் நடுங்கிப் போயிற்று. ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் அந்தப் பையன் எழுந்து நின்றான்.

“டீச்சர், அப்புறம் அவங்கம்மா என்னா சாப்பிட்டாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கேள்வி போய் நின்ற இடம் ராமேசுவரம் அல்ல. எங்கள் லயத்து அடுப்படி.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். நாங்கள் நான்கு பிள்ளைகள். அம்மா நான்கு மணிக்கெல்லாம் எழுந்து விளக்கை ஏற்றி, உலை வைத்து, எங்களுக்கு மூடி வைத்துவிட்டு இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பது நம் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது! மழையும் ஆகாது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு இல்லை. வானம் இருட்டினால் அம்மாவின் முகமும் இருட்டும்.

மங்கு மங்காகப் பாலெடுத்து, வாளியைக் காண்டாவில் தூக்கி வந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா வீடு திரும்பப் பகல் ஆகிவிடும். நாங்கள் வாசலிலேயே காத்திருப்போம். அம்மாவுக்காக மட்டுமா? அவர் கையிலிருக்கும் தூக்குச் சட்டிக்காக! அதில் எப்போதும் ஒரு கை சோறு மிச்சமிருக்கும். ஒருநாள் எலுமிச்சைச் சோறு, ஒருநாள் நெத்திலிச் சம்பல் ஒட்டிய சோறு. ‘காட்டுச் சோறு’ என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். சோறு வீட்டில் நேற்று ஒரு குழம்பு, காட்டிலிருந்து இன்று வேறு ருசி! அது எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. “எனக்கு வயிறு நெறைஞ்சிடுச்சி, சாப்பிடுங்க” என்பார் அம்மா. நான்தான் அதிகம் பிடுங்கித் தின்பவள். வீட்டுச் சோற்றில் மீன் இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுக் காட்டுச் சோற்றுக்குக் காத்திருந்த நாள்களும் உண்டு.

நான் பயிற்சிக் கல்லூரியை முடித்து வேலைக்கு வந்த பிறகு, தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். நாங்கள் சிகாமட் பட்டணத்து ஓரமாக ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். 2006 டிசம்பரில் ஜொகூரையே உலுக்கிய வெள்ளம் வந்ததே, அப்போது தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்தது. நான் பதறிப்போய்த் தொலைக்காட்சிப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா என்ன எடுத்தார் தெரியுமா? பிளாஸ்டிக் பையில் சுற்றி, பால் வாளி சுமந்து காய்த்துப்போன அந்தத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நகையாக்கும் என்று நினைத்தேன். முகாமில் பிரித்துப் பார்த்தால் என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்! எழுதப் படிக்கத் தெரியாதவர். எந்தத் தாள் எது என்று மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது.

2009இல் அம்மா கண்ணை மூடினார். பதினாறாம் நாள் காரியத்துக்கு, அம்மாவோடு பக்கத்து நிரையில் மரம் வெட்டிய அக்கா ஒருவர் வந்திருந்தார். பழைய கதை பேசும்போது நான் காட்டுச் சோற்றைப் பற்றிச் சொன்னேன். அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒனக்குத் தெரியாதா பாப்பா? ஒங்கம்மா பசியாற ஒக்காந்து தூக்கைத் தொறந்தா வெறும் தேத்தண்ணிதான் இருக்கும். சோத்தைப் பிள்ளைங்களுக்கு வெச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லும். நாங்க ஆளுக்கு ஒரு கை போடுவோம். அதுல ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மிச்சத்த மூடிடும்.”

கலாமுக்கு அன்றிரவே சொல்ல ஓர் அண்ணன் இருந்தார். எனக்குப் பதினாறாம் நாள்தான் செய்தி வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள யார் இருக்கிறார்?

கலாம் 1999இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலைப் பெற்றோரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தமிழில் ‘அக்கினிச் சிறகுகள்’ என்று வந்திருக்கிறதே, அதுதான். பத்து வயதில் தாய் மடியில் படுத்திருந்த ஒரு நிலா இரவை நினைத்து அவர் எழுதிய கவிதை அதன் முகப்பிலேயே இருக்கிறது. ராக்கெட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்குக் கவிதை வராது. ஆகையால் கரும்பலகையிலிருந்து திரும்பி, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ‘இன்றிரவு உங்கள் அம்மா எப்போது சாப்பிடுகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். எழுத வேண்டாம், பார்த்தால் போதும்.’

மறுநாள் ஒரே கூச்சல். ஒருத்தியின் அம்மா தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாராம். இன்னொருவன் அம்மாவுக்கு முன்னே தூங்கிவிட்டானாம். கேள்வி கேட்ட பையன் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அருகில் போய்க் கேட்டேன்.

“அம்மா கடைசியாத்தான் சாப்பிட்டாங்க டீச்சர். கொழம்புச் சட்டியிலயே சோத்தப் போட்டுப் பெரட்டிச் சாப்பிட்டாங்க.”

“நீ என்ன செய்தாய்?”

“சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், டீச்சர். பசிக்குதான்னு கேட்டு, எனக்கும் ஒரு உருண்டை குடுத்துட்டாங்க.”