40 ஆயிரம் ரூபாய்த் தோட்டம் கல்யாண மைதானம் ஆன கதை

பெங்களூர் மேக்ரி சர்க்கிள் வழியாகப் போகிறவர்களுக்கு அரண்மனை மைதானம் என்றால் முகூர்த்த நாள் நெரிசல்தான் நினைவுக்கு வரும். அந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

ஒரு காலத்தில் அது ஊருக்கு வெளியே இருந்த தோட்டம். சென்ட்ரல் ஹைஸ்கூலின் முதல் பிரின்சிபால் காரெட் பாதிரியாருக்குச் சொந்தம். 1873-ல் அது மைசூர் மன்னருக்காக 40 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கப்பட்டது. மன்னர் சாமராஜேந்திர உடையாருக்கு அப்போது வயது பத்து! பேரம் பேசி முடித்தவர்கள் வெள்ளைக்காரப் பாதுகாவலர்கள். பிறகு இங்கிலாந்துக் கோட்டை பாணியில் அரண்மனை எழுந்தது.

சுதந்திரத்துக்குப் பின் ராஜ்யம் போயிற்று. 1971-ல் மன்னர் மானியமும் நின்றது. இதற்குள் ஊர் வளர்ந்து தோட்டத்தைச் சூழ்ந்துகொண்டது. 450 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பொன் விளையும் பூமியாயிற்று. மைதானம் வாடகைக்குப் போயிற்று. கல்யாணம், பொருட்காட்சி, அரசியல் மாநாடு என்று கூட்டம் குவிந்தது. 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் கச்சேரியும் நடந்தது.

1996-ல் கர்நாடக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 11 கோடி ரூபாய் ஈடு கொடுத்து அத்தனையையும் எடுத்துக்கொள்வது நோக்கம். அரச குடும்பத்தினர் கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டம் செல்லும் என்றது ஐகோர்ட். அப்பீல் சுப்ரீம் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. முடிவைக் காணாமலே 2013-ல் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் காலமானார்.

பந்தல்காரருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் அந்த மைதானம் அன்றாடக் கூலி. மூச்சுத் திணறும் நகரத்துக்கோ அது மிஞ்சிய வெட்டவெளி. நிலம் யாருக்கு என்று கோர்ட் சொல்லலாம். இந்த இரண்டையும் காப்பாற்றும் பொறுப்பு, அதைப் பெறுகிறவரைச் சேர்ந்தது.