தூசி தட்டும் முன் ஒரு நிமிடம்!

கம்ப்யூட்டர் வாங்கி வந்த முதல் நாள் சந்தனம், குங்குமம் வைத்து, உறை போட்டு மூடிப் பூப்போலப் பாதுகாக்கிறோம். ஆறு மாதம் சென்றால் அந்த உறை எங்கே போனது என்றே தெரிவதில்லை. பின் ஒரு நாள் கேபினட்டில் இருந்து மிக்ஸி ஓடுவது போலச் சத்தம் வரும். இயக்கம் மெதுவாகும். பாதி வேலையில் தானாகவே நின்று போகும். "வைரஸ் வந்துவிட்டதோ?" என்று பதறுகிறோம். பல வீடுகளில் உள்ளே வந்திருப்பது வைரஸ் அல்ல; தூசிதான்.

என் அக்கா வீட்டிலும் இதேதான் நடந்தது. அவர்கள் கம்ப்யூட்டரைப் படுக்கை அறையில் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறன்று நான் ப்ளோயருடன் சென்று, கேபினட்டைத் திறந்து, அந்த அறையிலேயே ஊதித் தள்ளினேன். ஏ.சி. அறை என்பதால் ஜன்னல்கள் மூடியே இருந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு மேகமே எழுந்தது. கம்ப்யூட்டர் சத்தமின்றி ஓடத் தொடங்கியது. அக்காவும் காபி கொடுத்துப் பாராட்டினார்.

அன்று இரவு பதினொரு மணிக்கு அக்காவிடம் இருந்து போன். ஏற்கனவே வீசிங் தொல்லை உள்ள அவருடைய ஒன்பது வயது மகன் மூச்சுவிட முடியாமல் தவித்துக் கொண்டிருந்தான். மருத்துவமனையில் நெபுலைசர் வைத்த பின்னர்தான் மூச்சு சீரானது. "இன்றைக்கு வீட்டில் ஏதாவது தூசி தட்டினீர்களா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தூசியை நீக்க நினைத்தது சரிதான். நீக்கிய விதம் தவறு. கேபினட்டில் அடங்கிக் கிடந்த தூசியை ஒரு குழந்தை தூங்கும் அறைக்கு இடம் மாற்றியதைத் தவிர நான் வேறு ஒன்றும் செய்யவில்லை.

தூசி உள்ளே போவது எப்படி?

கம்ப்யூட்டரின் பிராசசர் வேலை செய்கையில் சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க, அதன் மேல் ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகடுகளும் ஒரு சிறிய ஃபேனும் இருக்கும். ஃபேன்கள் வெளிக்காற்றை இழுக்கும்போது, காற்றில் உள்ள தூசியும் கூடவே வருகிறது. நாளடைவில் அது தகடுகளுக்கிடையே கம்பளி போலப் படிந்து காற்றை மறிக்கிறது. சூடு வெளியேற வழியில்லாததால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. அதற்கும் மேல் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. கடலோர ஊர்களில் தூசி ஈரத்தையும் சேர்த்துப் பிடித்து வைப்பதால், மதர்போர்டு துருப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு.

அந்தத் தூசியில் என்ன இருக்கிறது?

தெரு மண் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நம் உடலில் இருந்து உதிரும் தோல் செதில்கள், துணி நூல்கள், முடி, புகைக்கரி, பூஞ்சைத் துகள்கள், கரப்பான் பூச்சியின் கழிவு எல்லாம் அதில் உண்டு. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசிப் பூச்சிகள் அரை மில்லி மீட்டர் நீளம்கூட இல்லாதவை. இவற்றின் கழிவும் தூசியில் கலக்கிறது. தூசிப் பூச்சி, கரப்பான் ஆகியவற்றின் கழிவுகள் அலர்ஜித் தும்மல், கண் அரிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றைத் தூண்டுபவை. எனவே, கம்ப்யூட்டரைப் படுக்கை அறையில் வைக்காமல் இருப்பது நல்லது.

தூசியின் அளவும் முக்கியம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பெரிய துகள்கள் மூக்கிலேயே தங்கிவிடும். 10 மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சுக் குழாய் வரை செல்லும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவை நுரையீரலின் ஆழத்தையே எட்டிவிடும். நாம் கண்ணால் பார்க்கும் தூசியைவிட, பார்க்க முடியாத தூசிதான் அதிகத் தொல்லை தரும்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீப்பிடிக்காமல் இருப்பதற்காக, முன்பு பிளாஸ்டிக் பாகங்களில் புரோமின் கலந்த சில ரசாயனங்களைச் சேர்த்து வந்தனர். அவை மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் கலப்பது தெரிய வந்தது. இவற்றில் சிலவற்றை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009லும், மேலும் ஒன்றை 2017லும் தடைப் பட்டியலில் சேர்த்தது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கே இதில் ஆபத்து அதிகம்.

கீ போர்டையும் மறந்துவிடக் கூடாது. 2008ல் பிரிட்டனின் 'விச்' என்னும் நுகர்வோர் இதழ், தன் அலுவலகத்தில் இருந்த 33 கீ போர்டுகளைச் சோதித்தது. நான்கு கீ போர்டுகள் உடல் நலத்திற்குக் கேடு தரும் நிலையில் இருந்தன. ஒன்றில் கழிப்பறை இருக்கையைவிட ஐந்து மடங்கு கிருமிகள் இருந்தன! மிக்சரைக் கொறித்தபடியே டைப் செய்பவர்கள் யோசிக்கவும்.

சரியான வழி இதோ:

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, எல்லா கேபிள்களையும் நீக்குங்கள். கேபினட்டை மொட்டை மாடி அல்லது பால்கனிக்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் இருக்க வேண்டாம்.

2. மூக்கையும் வாயையும் மூடும்படி மாஸ்க் அணியுங்கள். என்95 வகை நல்லது. காற்று வீசும் திசைக்கு எதிரே நிற்காதீர்கள்.

3. வாரண்டி காலத்தில் இருந்தால், கேபினட்டைத் திறக்கலாமா என்று விற்றவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். திறந்ததும் கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலை மின்சாரம் அதில் இறங்கிவிடும்.

4. உலர்ந்த, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தளர்த்தி, ப்ளோயரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டு ஊதுங்கள். ஃபேன் சுழலாதபடி ஒரு ஐஸ் குச்சியால் பிடித்துக் கொள்ளுங்கள். அதிவேகமாகச் சுழன்றால் ஃபேன் கெட்டுவிடலாம். வீட்டு வாக்குவம் கிளீனரை மதர்போர்டு மீது வைக்கக் கூடாது. நிலை மின்சாரம் உருவாகும்.

5. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

6. கீ போர்டைக் கவிழ்த்துத் தட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மானிட்டர் திரைக்கு மைக்ரோ ஃபைபர் துணியும் சிறிது தண்ணீரும் போதும். திரையில் நேரடியாகத் தெளிக்க வேண்டாம்.

7. மேஜையையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மீண்டும் காற்றில் ஏறும். இறுதியில் கைகளை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் தாங்களே பிரிக்காமல், காற்றுத் துளைகளை மட்டும் சுத்தம் செய்து, உள் வேலையை சர்வீஸ் சென்டரில் கொடுப்பது நல்லது.

வெளிப்புறத்தை வாரம் ஒரு முறையும், உட்புறத்தை மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒரு முறையும் சுத்தம் செய்தால் போதும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் சற்று உயரத்தில் வையுங்கள். ஊதுவத்தி, கொசுவத்திச் சுருளை அதன் அருகே ஏற்றாதீர்கள்.

இப்போது அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை நான்தான் மாடிக்குத் தூக்கிச் செல்கிறேன். நான் ப்ளோயரை எடுத்தாலே பையன் பாட்டி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். மாலையில் அவன் திரும்பி வரும்போது தரையும் மேஜையும் துடைத்துக் காய்ந்திருக்கும்.